உப்பு போட்டதும் ஒராண்டா தங்கமீன் தரையில் படுத்துவிட்டது, குண்டு மீனுக்கு உப்பு ஆகாதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் மேலே விட்ட இடமும் போக 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு ஒராண்டா, இரண்டு ரியூகின், மூன்றுமே உருண்டை உடம்புத் தங்கமீன்கள். ஒராண்டாவின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்ததால் வெள்ளைப்புள்ளி நோய்தான் என்று நினைத்து, லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் 210 கிராம் கல்லுப்பை நேற்று மாலை கரைத்து ஒரே தடவையாக ஊற்றிவிட்டேன். ராத்திரியே அது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தரையில் படுத்துவிட்டது, ரியூகின் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. முன்பு வேறு தொட்டியில் காமெட் என்ற ஒல்லி உடம்புத் தங்கமீன்களுக்கு இதே அளவு போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. உடனே சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

மார்த்தாண்டம் மீன்:
எங்கள் ரான்சு ஒன்று இப்படித்தான் போனது. குண்டு மீனுக்கு உப்பே கூடாது அண்ணா, தண்ணீரை மாற்றுங்கள்.

பொள்ளாச்சி வாத்தியார்:
கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நான் ஒராண்டாவுக்கு லிட்டருக்கு 3 கிராம் வரை கொடுத்திருக்கிறேன். ஆனால் மூன்று பங்காகப் பிரித்து இரண்டு நாளில் கொடுப்பேன். உருண்டை உடம்பு மீன் காமெட் மாதிரி ஓடியாடும் சாதி இல்லை, தண்ணீரில் எது கெட்டாலும் அதுதான் முதலில் படுக்கும். அதை வைத்து உப்பின் மேல் பழி போட வேண்டாம். தம்பி, நான்கு விஷயம் சொல்லுங்கள்: இதற்கு முன்னால் உப்பு போட்டீர்களா, எந்தத் தண்ணீர், ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது, புள்ளி உடம்பிலும் வாலிலும் உண்டா?

அப்புறம், ஏர் பம்பை முழுசாகத் திறந்துவிடுங்கள். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். இந்தப் பங்குனி வெயிலில் மூச்சுக்கே பஞ்சம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பம்பைத் திறந்துவிட்டேன் சார். கடையில் சொன்னபடி ஒவ்வொரு ஞாயிறும் கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுவேன், இரண்டு மாதமாக. இப்போது அந்தக் கைப்பிடியைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 60 கிராம். எங்கள் போர் தண்ணீரே கொஞ்சம் உப்புக் கரிக்கும். கபோம்பா செடி போன மாதமே கரைந்துபோனது. ஃபில்டரில் ஸ்பாஞ்ச், ஒரு பை வெள்ளைக் கல். புள்ளி செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் எலும்பிலும் மட்டும் வரிசையாக இருக்கிறது.

பொள்ளாச்சி வாத்தியார்:
அந்த வெள்ளைக் கல் ஜியோலைட்டாக இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அது மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா நஞ்சைப் பிடித்து வைக்கும் கல். உப்புத் தண்ணீர் பட்டால் பிடித்ததை எல்லாம் கக்கிவிடும். அந்தக் கல்லைக் கழுவிப் புதுப்பிக்கவே உப்புத் தண்ணீரில்தான் ஊறவைப்பார்கள்.

இனி உப்புக் கணக்கு. தண்ணீர் ஆவியானால் உப்பு போகாது, வெளியே எடுத்துக் கொட்டினால்தான் போகும். வாரம் கால் பங்குதான் வெளியே போகிறது, உள்ளே 60 கிராம் முழுசாக வருகிறது. எட்டு வாரத்தில் சுமார் 215 கிராம் சேர்ந்திருக்கும், அதுவே லிட்டருக்கு 3 கிராம். அதாவது முழு மருந்து அளவில்தான் இத்தனை நாள் மீன் இருந்திருக்கிறது. கபோம்பா கரைந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அதன் மேல் நேற்று இன்னொரு 3, ஒரே அடியில். போர் தண்ணீரின் உப்பு இதில் சேர்த்தி இல்லை.

புள்ளி விஷயம்தான் எனக்குச் சிரிப்பும் வருத்தமும். நீங்கள் சொல்வது ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வரும் சொரசொரப்புப் புள்ளி மாதிரி இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் உடம்பு, வால் எங்கும் ரவை தூவினாற்போல் சிதறும், இப்படி வரிசை கட்டாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அட கடவுளே. பை மேல் ஜியோலைட் என்றே எழுதியிருக்கிறது, எடுத்துவிட்டேன். எவ்வளவு மாற்றட்டும்? போர் தண்ணீரா, பைப் தண்ணீரா?

வாளையார் அக்கா:
பைப் தண்ணீர் தம்பி, குளோரின் முறிப்பு மருந்து கலந்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குச் சமமாக. இன்று பாதி, நாளை பாதி மாற்றினால் 6 கிராம் 3 ஆகி ஒன்றரைக்கு வரும். ஒரேயடியாக முழுசும் மாற்றாதீர்கள், அதுவும் அதிர்ச்சிதான். இரண்டு நாள் தீனி வேண்டாம். ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மறுநாள் காலை: பாதி மாற்றினேன். ரியூகின் கீழே இறங்கிவிட்டன. ஒராண்டா இன்னும் மூலையில்தான், ஆனால் விரலைக் காட்டினால் திரும்புகிறது. மாலையில் அடுத்த பாதி.