கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்: ‘நேர், எதிர்’ வேண்டாமே

வணக்கம்.

பாக்டீரியாக்களைச் சாயமேற்றி இரண்டு வகையாகப் பிரிக்கும் சோதனையில் வரும் ‘கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்’ என்ற சொற்களுக்குத் தமிழில் ‘நேர்க்கிராம், எதிர்க்கிராம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நேர், எதிர் என்றதும் மின்னேற்றம்தான் நினைவுக்கு வருகிறது. போதாததற்கு ‘கிராம்’ எடையளவு போலவும் தொனிக்கும். அது ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவரின் பெயர். இந்தச் சாயமுறையை அவர் 1884இல் வெளியிட்டார்.

‘சாயம் ஏற்பவை, ஏற்காதவை’ என்பதும் பொருந்தாது. ஊதாச் சாயத்தை முதலில் இரண்டு வகையுமே ஏற்கின்றன. அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவும்போதுதான் வேறுபாடு தெரிகிறது: ஒன்றில் ஊதா தங்கிவிடுகிறது, மற்றதில் போய்விடுகிறது. ஆகவே என் பரிந்துரை: கிராம் பாசிட்டிவுக்குச் சாயந்தங்கி, கிராம் நெகட்டிவுக்குச் சாயநீங்கி.

காரணம் செல்சுவரில் இருக்கிறது. சாயந்தங்கிகளுக்குச் செல்சுவரை ஆக்கும் வலைப்பொருளான பெப்டிடோகிளைக்கான் பல அடுக்குகளாக, பெரும்பாலும் 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமனாக இருக்கும். டெய்க்கோயிக் அமிலங்கள் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் ஊடே பின்னியிருக்கும். சாயநீங்கிகளில் அது சில நானோமீட்டர்தான். ஆனால் சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வு போக, வெளியேயும் இன்னொரு சவ்வு உண்டு. ஆல்கஹால் அந்தச் சவ்வின் கொழுப்பைக் கரைத்துவிட, மெல்லிய சுவரால் சாயத்தைப் பிடித்துவைக்க முடிவதில்லை.

ஆனால் இந்த இணை சோதனை முடிவை மட்டுமே சொல்லும். அமைப்பைச் சொல்ல ‘ஒருசவ்வு, இருசவ்வு’ என்று தனியாக ஓர் இணை வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள்: அதற்குச் செல்சுவரே கிடையாது. சாயத்தை வைத்துப் பார்த்தால் சாயநீங்கி, அமைப்பிலோ ஒருசவ்வு. சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாததில் வியப்பில்லை. டீனோகாக்கஸ் என்ற பாக்டீரியா இதற்கு நேர்மாறு: வெளிச்சவ்வு இருந்தும் சாயத்தை விடாது, ஏனென்றால் சுவர் தடிமன். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அப்புறம், காசநோய்க் கிருமி. மைக்கோலிக் அமிலத்தாலான மெழுகுப் படலம் இருப்பதால் கிராம் முறை அதனிடம் சரியாக எடுபடாது. வேறொரு முறையில் ஏற்றிய சிவப்புச் சாயம், அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவினாலும் போகாததால் அதை ‘அமிலந்தாங்கி’ எனலாம். மற்ற இரண்டோடும் ஓசை ஒத்துப்போகிறது.

பெப்டிடோகிளைக்கானை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘புரதச்சர்க்கரை’ என்றால் சர்க்கரை ஒட்டிய புரதமான கிளைக்கோபுரதத்தோடு குழம்பும். சர்க்கரை இழைகளைக் குட்டிப் பெப்டைடுகள் (அமினோ அமிலச் சங்கிலிகள்) குறுக்கே கோக்கும் வலை அது. ‘சுவர்வலை’ என்று விளக்கச் சொல்லாக வேண்டுமானால் பக்கத்தில் வைக்கலாம். சம்மதமா?