நான்கு ஸ்டிக் போட்டதும் 6000 ரேம் 3600-க்கு இறங்கிவிட்டது, தப்பு யார் மேல்?

படத்தொகுப்பாளர்
ரைசன் 7000 வரிசை ப்ராசஸர், நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு. போன வருடம் டிடிஆர்5 ரேம், வேகம் 6000, தாமத எண் சிஎல்30, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்த பேக் ஒன்று வாங்கிப் போட்டேன். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்போ, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் ப்ரொஃபைல், ஆன் செய்ததும் முதல் தடவையே 6000 வந்துவிட்டது, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது வீடியோ வேலை கூடி 32 ஜிபி போதவில்லை. அதனால் அதே கம்பெனி, அதே மாடல் நம்பரில் இன்னொரு பேக் வாங்கி மீதி இரண்டு ஸ்லாட்டிலும் செருகினேன். 64 ஜிபி காட்டுகிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேகம் 3600. எக்ஸ்போ ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது, பவரை நிறுத்திப் போட்டால் திரும்பவும் 3600. நான்கு நாளாக வேகத்தை மட்டும் கையால் 5600 என்று வைத்து ஓட்டுகிறேன். விண்டோஸ் வருகிறது, ஆனால் நேற்று எக்ஸ்போர்ட் நடுவில் எடிட்டிங் மென்பொருள் இரண்டு முறை தானாக மூடிக்கொண்டது. புது பேக் பழுதா? பெட்டி மேல் 6000 என்று இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முழுவேகம்
திருப்பிக் கொடுக்காதீர்கள் சகோ, 6000 வரவைக்கலாம். கறுப்புத் திரையைப் பார்த்து எத்தனை நிமிடத்தில் பவரை நிறுத்தினீர்கள்? டிடிஆர்5-ல் புதிதாக ரேம் மாற்றினாலோ வேகம் மாற்றினாலோ போர்டு ஒவ்வொரு ஸ்டிக்கோடும் பேசி டைமிங்கைச் சரிபார்க்கும், மெமரி ட்ரெயினிங் என்பது அதுதான். நான்கு ஸ்டிக் என்றால் அதற்குப் பல நிமிடம் ஆகும், அதுவரை திரையில் ஒன்றுமே வராது. பாதியில் நிறுத்தினால் போர்டு "இந்த வேகம் தோற்றது" என்று முடிவு கட்டிப் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும். முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள், எக்ஸ்போ ஆன் செய்யுங்கள், கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். அப்படியும் வராவிட்டால் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.25-லிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். 6000-க்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், 3600-ல் ஓட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்.

பொறுமைக்கல்
ட்ரெயினிங்குக்குக் காத்திருக்கச் சொன்னது சரி. வோல்டேஜ் ஏற்றுகிற வேலையை மட்டும் இப்போது செய்யாதீர்கள்.

உங்கள் போர்டு 3600-ல் நிற்பது பழுதால் அல்ல. ரைசன் 7000-க்கு அதன் கம்பெனி ஏஎம்டி போட்டிருக்கும் அட்டவணையிலேயே இது இருக்கிறது: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு ஸ்டிக் என்றால் 3600. போர்டு அதை அப்படியே பின்பற்றியிருக்கிறது. பெட்டியில் உள்ள 6000, அந்த ஒரு பெட்டிக்குள் இருந்த இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்துச் சோதித்த எண். அதே மாடல் நம்பரில் இரண்டு பெட்டி வாங்கிச் சேர்த்தால் அந்த எண் நான்குக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சிப் வேறாக இருக்கலாம்.

ஏன் இறங்குகிறது என்றால், ஒரே சேனலின் (ப்ராசஸரையும் ரேமையும் இணைக்கும் பாதை) கம்பிகள் இரண்டு ஸ்லாட்டுக்கும் வரிசையாகப் போகின்றன. ஒரு ஸ்டிக் மட்டும் கோட்டின் கடைசியில் உட்கார்ந்தால் சிக்னல் போய்ச் சேர்ந்து அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போடச் சொல்கிறார்கள். நடுவில் இன்னொரு ஸ்டிக் வந்தால் சிக்னலில் ஒரு பகுதி அங்கே பட்டுத் திரும்பும். விநாடிக்கு 600 கோடி முறை மாறுகிற கோட்டில் அந்த எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த பிட் வந்து நிற்கும். ரேமை நான்கு முறை மாற்றினாலும் இது மாறாது, இது போர்டும், ப்ராசஸருக்குள் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் சம்பந்தப்பட்டது.

இதைவிட அவசரமானது வேறு. நான்கு நாள் 5600-ல் ஓட்டியதாகச் சொன்னீர்கள், அந்த நாட்களில் எந்த ஃபைலையாவது காப்பி செய்தீர்களா?

படத்தொகுப்பாளர்
ஆமாம், கேமரா கார்டிலிருந்து ஒரு முழு ஷூட்டையும் இறக்கினேன். ஏன்?

பொறுமைக்கல்
கார்டை அழிக்காதீர்கள். மெமரி தப்பாகப் படித்தால் நீலத் திரை வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் காப்பியாகும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது, வழியில் ஒரு பிட் புரண்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டுவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு பழைய மெஷினில் இரண்டு பேக் கலந்து, பூட் ஆகிறதே என்று மூன்று மாதம் ஓட்டினேன். பேக்கப் எடுத்த ஜிப் ஃபைல்களை ஒரு வருடம் கழித்துத் திறந்தபோது ஏழில் இரண்டு சிஆர்சி பிழை (ஃபைல் கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு) காட்டின. மூல ஃபைல்களை அதற்குள் அழித்திருந்தேன். என் அப்பாவின் குரல் பதிவு அதில் ஒன்றில் இருந்தது. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

முழுவேகம்
வருத்தமாக இருக்கிறது சகோ. ஆனால் அது டிடிஆர்5 காலத்துக்கு முந்தையது என்று நினைக்கிறேன். டிடிஆர்5-ல் ஒவ்வொரு சிப்புக்குள்ளும் பிழை திருத்தும் இசிசி இருக்கிறது, ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திவிடும். கேட்டவரை வீணாகப் பயமுறுத்த வேண்டாம்.

பொறுமைக்கல்
இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான் பலர் சோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிப்புக்குள் இருக்கிற இசிசி, சிப்பில் சேமித்து வைத்திருக்கும் பிட்டை மட்டும்தான் காக்கும், 128 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட் என்ற கணக்கில். சிப்பை விட்டு வெளியே வந்து ஸ்லாட், போர்டு, சாக்கெட் வழியாக ப்ராசஸருக்குப் போகும் பாதைக்கு அது காவல் இல்லை. வேகத்தை ஏற்றும்போது தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் அந்தப் பாதைதான். அதற்குச் சர்வரில் போடுவது போல அகலமான தனி இசிசி ஸ்டிக் வேண்டும், இவருடையது அது இல்லை.

முழுவேகம்
சரி, ஏற்கிறேன், பாதைக்குக் காவல் இல்லை. ஆனால் அதற்காக 3600-ல் விட்டுவிடுவதா? நான்கு ஸ்டிக்கில் 6000 ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே ஓட்டுகிறேன், எஸ்ஓசி 1.28-ல் ஒரு வருடமாக.

பொறுமைக்கல்
உங்கள் ப்ராசஸரின் கன்ட்ரோலர் நன்றாக வாய்த்திருக்கிறது. அவருடையது எப்படி என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிப் போனது நினைவிருக்கும். எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தேவைக்கு மேல் கொடுத்ததுதான் அதன் பின்னணி, அதன் பிறகுதான் 1.3 என்று பயாஸிலேயே உச்சவரம்பு வைத்தார்கள். 1.28 வரம்புக்குள்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சோதிக்காமல் எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள் என்கிறேன். எக்ஸ்போ என்ற பெயரிலேயே ஓவர்க்ளாக்கிங் இருக்கிறது. அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று ஏஎம்டி அடிக்குறிப்பிலேயே போட்டிருக்கிறது.

புதியவன்07
நடுவில் ஒரு கேள்வி. எனக்கு சிபியு-இசட் மென்பொருளில் 1800 என்றுதான் காட்டுகிறது, 3600 கூட இல்லையே?

பழைய_பலகை
அது சரியாகத்தான் இருக்கிறது. டிடிஆர் என்றாலே ஒரு க்ளாக்குக்கு இரண்டு முறை தரவு போகும். சிபியு-இசட் க்ளாக்கைக் காட்டுகிறது, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மேலே சண்டை போடுகிற இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். இருவரும் 6000 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள், அந்த எண் இவருக்கு என்ன தரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இரண்டு சேனலில் 6000 என்றால் காகிதத்தில் விநாடிக்கு 96 ஜிபி. ஆனால் ஒற்றை சிசிடி (கோர்கள் இருக்கும் சிப் துண்டு) உள்ள ரைசன் 7000-ல் கோர்களுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு இருக்கிறது, அது 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் க்ளாக்குக்கு 32 பைட் வீதம் படிக்க முடிவது 64 ஜிபிதான். 3600-ன் 57.6 அதற்குக் கீழே, அதனால் 3600-ல் இழப்பு நிச்சயம் உண்டு. 4800-ன் 76.8 ஏற்கெனவே அதற்கு மேலே. ஆக 3600-லிருந்து 4800-க்குப் போவது பெரிய லாபம், 4800-லிருந்து 6000-க்குப் போகும்போது கிடைப்பது பெரும்பாலும் தாமதம் குறைவதுதான். அந்தத் தாமதத்தையும் சிஎல் குறைத்து ஓரளவு மீட்கலாம்: 6000 சிஎல்30 என்றால் 10 நானோசெகண்ட், 4800 சிஎல்40 என்றால் 16.7, அதே 4800-ல் சிஎல்30 வைத்தால் 12.5. எடிட்டிங்கில் ரேம் போதாமல் டிஸ்க்குக்குப் போவதால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் இந்த 2.5 நானோசெகண்ட் எதிலும் சேராது.

செய்ய வேண்டியது: புது பேக்கை மட்டும் 2, 4 ஸ்லாட்டில் போட்டு எக்ஸ்போ 6000-ல் சோதியுங்கள், அப்புறம் பழையதை அதே மாதிரி. பழுதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சோதிக்கும்போது மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் ஆஃபில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பழைய ட்ரெயினிங்கையே வைத்துக்கொண்டு ஏமாற்றும். இன்னொன்று, கூலரைச் சமீபத்தில் கழற்றி மாட்டினீர்களா? ஒரு பக்கத் திருகை மட்டும் இறுக்கி மாட்டியதில் ஒரு சேனலே காணாமல் போனதை என் மெஷினில் பார்த்திருக்கிறேன், நான்கையும் கொஞ்சம் தளர்த்தி குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கியதும் திரும்பி வந்தது.

முழுவேகம்
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு சிசிடி உள்ள ப்ராசஸர் என்றால் அந்த 64 வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, அங்கே 6000-க்கு வேலை இருக்கும். அவர் எந்த மாடல் என்று சொல்லவே இல்லை.

பழைய_பலகை
அது நியாயமான திருத்தம்.

படத்தொகுப்பாளர்
8 கோர், ஒற்றை சிசிடி. கூலரைத் தொடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், முடிவுகள் இதோ.

புது பேக் மட்டும் 6000-ல், மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நான்கு சுற்று, பிழை இல்லை. பழைய பேக் மட்டும், அதுவும் அப்படியே. ஆக இரண்டுமே பழுதில்லை.

நான்கும் சேர்த்து எக்ஸ்போ 6000: முழுவேகம் சொன்னபடி நிறுத்தாமல் காத்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் பயாஸ் வந்தது, உண்மையாகவே 6000 காட்டியது, சந்தோஷமாகிவிட்டது. விண்டோஸ் லோகோவில் நின்றுவிட்டது. 5600: விண்டோஸ் வந்தது, டெஸ்ட்மெம்5 என்ற இன்னொரு சோதனையில் பதினோராவது நிமிடத்தில் பிழை. இதில்தான் நான்கு நாள் வேலை செய்திருக்கிறேன் என்று நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. 5200: மூன்றாவது மணி நேரத்தில் ஒரே ஒரு பிழை. 4800, சிஎல்30: இரவு முழுக்க பத்து மணி நேரம், சுத்தம்.

முழுவேகம்
5200-ல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு பிழை என்றால் கரையைத் தொட்டுவிட்டீர்கள், எஸ்ஓசி ஒரு சிட்டிகை ஏற்றினால் வந்துவிடும். இங்கே விட்டுவிடாதீர்கள்.

பொறுமைக்கல்
மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்றால் வேலை நாளுக்கு இரண்டு மூன்று. அவர் தொழில் செய்கிற மெஷின் அது. 4800-ல் நிறுத்துங்கள். பின்னால் 6000 வேண்டும் என்று தோன்றினால் இந்த நான்கையும் கொடுத்துவிட்டு 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள், கோட்டில் ஒரே ஸ்டிக்தான் இருக்கும், 6000 வர வாய்ப்பு மிக அதிகம்.

முழுவேகம்
ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறப்போவதில்லை. பெட்டியின் முன்பக்கம் 6000 என்று கொட்டை எழுத்து. ஸ்டிக்கில் சாதாரணமாக எழுதியிருப்பது 4800, 1.1 வோல்ட் என்பதும், 6000 என்பது 1.35 வோல்டில் ஓடும் தனி ப்ரொஃபைல் என்பதும், இரண்டு பேக் சேர்த்தால் அது செல்லாது என்பதும் வாங்குகிறவருக்கு எங்கே தெரிகிறது? நாம் இங்கே விளக்குகிறோம், அதைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்க வேண்டும். இவரைப் போல ரேம் போதாமல் இரண்டாவது பேக் வாங்குகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

பொறுமைக்கல்
இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒரு வரி பெட்டியில் இருந்திருந்தால் அவர் முதலிலேயே 32 ஜிபி இரண்டாக மாற்றியிருப்பார்.

படத்தொகுப்பாளர்
4800-ல் விட்டுவிட்டேன், முன்பு நடுவில் நின்றுபோன அதே எக்ஸ்போர்ட் முழுதாக முடிந்தது. முழுவேகம் சகோ, காத்திருக்கச் சொன்னீர்களே, அது இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் நடந்திருக்காது, நன்றி.

பொறுமைக்கல் சொன்னபடி கார்டை அழிக்காமல் வைத்திருந்தேன். 4800-ல் வைத்த பிறகு கார்டில் இருக்கும் மூல ஃபைல்களையும் அன்று டிஸ்க்கில் இறக்கியதையும் செக்சம் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். மொத்தம் 214 ஃபைல், 212 ஒன்றுதான். இரண்டு வேறுபட்டன. அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றில் மணப்பெண் திரும்பிப் பார்க்கும் இடத்தில் ஒரு ஃப்ரேம் பாதி பச்சையாகக் கிழிந்திருக்கிறது. கார்டை இன்று காலை வேறு ஷூட்டுக்குக் கொடுப்பதாக இருந்தேன், கொடுக்கவில்லை. இரண்டையும் மறுபடி இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.