ஃபூரான் என்ற ஜப்பானிய ஆர்க்கிட் செடியை வளர்ப்பவர்களே, உங்களால் மறக்க முடியாத ஒரு தருணம் எது?

பால்கனி_நிஷிகசாய்:
இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பாட்டி, மகள் ஊருக்குக் குடிபோகும் முன் தன் ஃபூரான் தொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முந்தைய கோடையில் அது பூத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மத்தியானம் ஒரு மணி. குனிந்து முகர்ந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. என் அரைகுறை ஜப்பானிய மொழியில் "வாசனை இல்லையே" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி "யோரு, யோரு" என்றார், ராத்திரி என்று அர்த்தம். நான் ராத்திரி போய்ப் பார்க்கவில்லை.

போன ஜூலையில் ஒருநாள், இரவு பதினொரு மணிக்குத் துணி காயப்போடப் பால்கனிக்கு வந்தேன். எங்கிருந்தோ ஒரு வாசனை. துணிக்குப் போட்ட சாஃப்ட்னரோ என்று ஈரச் சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தேன், அது இல்லை. அப்புறம்தான் காலடியில் தொட்டியைப் பார்த்தேன், மூன்று வெள்ளைப் பூ. மல்லிகையோடு கொஞ்சம் வெனிலா சேர்ந்தது போல, ஆனால் மல்லிகையின் கனம் கிடையாது, காற்று வீசினால் வரும், நின்றால் போய்விடும். சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் "மணக்கிறது பாட்டி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முகவரி இல்லை. கட்டட அலுவலகத்தில் கேட்டேன், தர முடியாது என்றார்கள்.

வேர்நுனி:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. என் கதை வேறு மாதிரி. கியோட்டோவில் ஒரு சின்னக் கண்காட்சி, நவம்பர் மாதம், ஒரு செடியிலும் பூ இல்லை. தங்கக் கோடு போட்ட மூன்று கால் தொட்டிகளில் வெறும் இலைகள். நான் ஒன்றின் மேல் நன்றாகக் குனிந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைத் திட்டவில்லை, தன் கைக்குட்டையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக் காட்டினார். பிறகு நிதானமாக விளக்கினார். 1787 முதல் 1837 வரை ஷோகுனாக, அதாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவராக இருந்த தொகுகாவா இயேனாரிக்கு இந்தச் செடி என்றால் உயிராம், பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு அபூர்வமான செடிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம், தொட்டிக்குப் பொன் வலை போட்டு மூடி வைப்பார்களாம், பார்க்க வருகிறவர்கள் மூச்சு பட்டுவிடாமல் வாயில் காகிதத்தை வைத்துக்கொள்வார்களாம். அந்தக் கைக்குட்டையை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாக வாய்க்குப் போகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வாசனையை மட்டும் வைத்து இந்தச் செடியை எடைபோடாதீர்கள். காட்டுச்செடிக்குப் பேர் ஃபூரான், காற்று ஆர்க்கிட். அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்த வகைகளைத்தான் ஃபூகிரான் என்கிறோம், அங்கே இலைதான் ராஜா. வரி போட்ட இலை, ஓரம் வெளுத்த இலை, தமகோங்கோ என்ற வகையைப் போலப் பயறு மாதிரி குட்டையான இலை, செய்காய் என்ற வகை மாதிரி வளைந்த இலை. இலை தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு கோடு இருக்கும், ட்சுகே என்பார்கள், அது பிறையா மலையா அலையா என்று பார்த்துத்தான் வகையைப் பிரிப்பார்கள். செடி சோர்ந்துவிடும் என்று பூந்தண்டையே கிள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

இரவுக்காவல்:
கிள்ளுவதா? மன்னிக்க வேண்டும், என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பூவின் பின்னால் நாலு சென்டிமீட்டர் போல வளைந்து தொங்கும் குழலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் அடியில்தான் தேன். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிக்கு மட்டுமே எட்டும். அது இருட்டில் வரும், அதனால்தான் பூ வெள்ளை, அதனால்தான் ராத்திரி வாசனை. பாட்டி சொன்ன "யோரு" ஒரு செடியின் மொத்த வாழ்க்கை. சைதாமாவில் என் மாடியில் ஒருதரம் அந்தப் பூச்சி வந்தது. பூவில் உட்காரவே இல்லை, அந்தரத்தில் நின்றபடி குழலை நீட்டியது, நாலைந்து வினாடி இருக்கும், போய்விட்டது. ஆறு வருடமாக ஜூலை வந்தால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், மறுபடி பார்க்கவில்லை.

வேர்நுனி:
நான் கிள்ளுகிறேன் என்று சொல்லவில்லை சார், கிள்ளுகிறவர்கள் உண்டு என்றுதான் சொன்னேன். ட்சுகேயைப் பற்றி எழுதியதற்குக் காரணமும் இருக்கிறது. முதல் வருடம் மழைக்காலத்தில், தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் போடும் பாசியை இறுக்கி அடைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் தூசி துடைக்க இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும். எல்லாம் சரியாக அந்தப் பிறைக்கோட்டில் கழன்றன. இலை உதிரும் இடமே அதுதான். அழகு என்று நான் பார்த்துக்கொண்டிருந்த கோடு.

ஒசாகா_மாடி:
என்னுடையதும் அழுகித்தான் போனது, புது வேரின் சிவப்பு நுனியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மறுவாரமே. அதனால் அக்காவுக்குச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. முதலில் அந்தப் பாசியை, மிசுகோகேவை, இந்த வசந்தத்தில் மாற்றுங்கள், பாட்டி எப்போது மாற்றினாரோ தெரியாது, ஒன்றிரண்டு வருடத்தில் அது மக்கிவிடும். புதுப் பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, வேர்களுக்கு நடுவே உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி குவித்து, வெளியே நீள இழைகளால் போர்த்துங்கள். அந்த வெற்றிடம்தான் உயிர். இது மரக்கிளையில் ஒட்டி வளர்கிற செடி, வேருக்குக் காற்று வேண்டும். பாசி காய்ந்த பிறகு தண்ணீர், ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், தினம் கொஞ்சம் தெளிக்கிற வேலை வேண்டாம். காலை வெயில் நல்லது, ஆகஸ்ட் மத்தியானத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். குளிர்காலத்தில் இலை சுருங்கும், பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது ஓய்வு, அந்தக் குளிர் இருந்தால்தான் கோடையில் பூக்கும். உறைபனி இரவில் மட்டும் உள்ளே எடுங்கள், ஹீட்டர் அறையில் வைக்கவே வேண்டாம். உரம் வளர்கிற காலத்தில் மட்டும், பெட்டியில் போட்டிருப்பதைவிட நீர்க்கக் கரைத்து. முகவரி விஷயத்துக்கு, கடிதம் எழுதி அலுவலகத்திடமே கொடுத்து அனுப்பித் தரச் சொல்லிப் பாருங்கள்.

வகயாமா_வாசி:
கடையில் பெயர் தெரியாத செடி மலிவாகக் கிடைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் ஊர் ஷின்டோ கோயில் மரத்தில் மிக உயரத்தில் ஒரு கொத்து இருக்கிறது. பூசாரி கையால் நெஞ்சு உயரத்தைக் காட்டி, நான் சின்னப் பையனாக இருந்தபோது இங்கேயே இருந்தது என்றார். ஏணி எட்டும் உயரம்வரை எல்லாம் போய்விட்டது. ஜப்பானின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். பூசாரியின் கை நின்ற அந்த உயரத்தில் வெறும் பட்டைதான் இருந்தது.

இன்னொன்று, இப்போது தாவரவியலாளர்கள் இதை வாண்டா என்ற ஆர்க்கிட் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊர் மாமரக் கிளைகளில் தொற்றி வளருமே, அந்த வாண்டாவுக்கு இது சொந்தம்.

பால்கனி_நிஷிகசாய்:
ஒசாகா தம்பி, கடிதம் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவே இல்லை. வேர்நுனி, டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு பிறை மாதிரிதான் இருக்கிறது, வேரின் நுனி பச்சை. பெயர்ச்சீட்டு இல்லை, தேடப்போவதும் இல்லை. கடிதத்தை ஜப்பானிய மொழியில் எழுத யாராவது உதவுவீர்களா? இரண்டே வரிதான். ராத்திரி பார்த்தேன், மணக்கிறது.