'கைண்ட்'னா வகையா, கருணையா? ரெண்டும் ஒரே வார்த்தையா?

மாடிவீட்டம்மா:
ஏழாவது படிக்கிற என் பொண்ணு நேத்து ராத்திரி தூங்கப் போற நேரத்துல கேக்குறா, ஒர்க்‌ஷீட்ல "பி கைண்ட் டு ஆல் கைண்ட்ஸ் ஆஃப் அனிமல்ஸ்"னு இருக்கே, முதல்ல வர்ற கைண்டும் ரெண்டாவதா வர்ற கைண்டும் ஒண்ணாம்மான்னு. நானும் நம்ம 'ஆறு' மாதிரிடி, நதிக்கும் ஆறு நம்பருக்கும் ஆறு, சத்தம் ஒண்ணு வார்த்தை வேறன்னு சொல்லி லைட்ட ஆஃப் பண்ணிட்டேன். படுத்தப்புறம் எனக்கே டவுட்டு. சொன்னது சரிதானா? தப்புன்னா காலையில ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க ப்ளீஸ்.

மொழிப்பைத்தியம்:
தப்புக்கா. ஆறு மாதிரி இல்ல, ரெண்டும் ஒரே வார்த்தைதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல கிட்டத்தட்ட 'யெகுண்ட்'னு உச்சரிக்கிற மாதிரி ஒரு சொல் இருந்துச்சு, அதுக்கு அர்த்தம் பிறப்பு, பிறவிக்குணம், இனம். இனம்ங்கறதுலேர்ந்து வகைன்னு ஆனது நேரா வந்த வழி, அதுல ஒண்ணும் பெருசா இல்ல. இன்னொரு பக்கம்தான் சுவாரஸ்யம். அதே சொல்லோட அட்ஜெக்டிவ் வடிவத்துக்கு 'இயற்கையான, கூடப் பிறந்த'ன்னு அர்த்தம், அப்புறம் ஒருத்தன் தன் ரத்த சொந்தத்துக்கிட்ட இயல்பா எப்படி நடந்துக்கணுமோ அப்படி நடக்கிறவன்னு ஆகி, 1300 வாக்குல பாசமானவன், இரக்கமுள்ளவன்னு வந்து நிக்குது. நம்ம ஊர்ல "மனுசனாப் பொறந்தவன் செய்யுற காரியமா இது"ன்னு திட்டுவோம்ல, அதுல 'பொறந்தவன்'ங்கற சொல் என்ன வேலை பண்ணுதோ அதே வேலைதான் அங்கயும். சொந்தபந்தத்தைச் சொல்ற 'கின்' கூட இதோட பங்காளிதான்.

பழையபேப்பர்:
கின்னுன்னதும் ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகம் ஞாபகம் வருது. அப்பா செத்து கொஞ்ச நாள்லயே சித்தப்பன் அம்மாவைக் கட்டிக்கிட்டு ராஜாவாகி, இவனைப் பார்த்து "மகனே"ங்கறான். அப்போ ஹாம்லெட் முணுமுணுக்கிறதுதான் நாடகத்துல அவனோட முதல் வசனம். கின்னுக்கு கொஞ்சம் மேல, கைண்டுக்கு கொஞ்சம் கீழன்னு. அதாவது சொந்தம் டபுளாயிடுச்சு, ஆனா அதுல பாசமும் இல்ல, இது இயற்கையும் இல்ல. கைண்டுக்கு பழைய அர்த்தமும் புது அர்த்தமும் ஒண்ணா உசுரோட இருந்த காலம், அதான் ஒரே வார்த்தையில ரெண்டு குத்து குத்த முடிஞ்சுது. இன்னிக்கு படிக்கிறவனுக்கு அடிக்குறிப்பு போட்டாத்தான் புரியும்.

ஜெர்மன்ல கிண்ட்னா குழந்தை, அதுவும் அதே வேர். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840ல பேர் வெச்ச கிண்டர்கார்ட்டன் அப்படி வந்ததுதான், குழந்தைகள் தோட்டம்.

சும்மாவந்தேன்:
அப்போ புக் படிக்கிற கிண்டிலும் இதானா பாஸ்?

மொழிப்பைத்தியம்:
இல்ல ப்ரோ, அது நெருப்பு மூட்டுறது. வைக்கிங்குகளோட பழைய நார்ஸ் மொழியிலேர்ந்து வந்த வேற வார்த்தை. அக்கா சொன்ன 'ஆறு' உதாரணம் இங்கதான் பொருந்தும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். இந்த வேர் இன்னும் பின்னாடி போனா லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாத்துலயும் இருக்கு. நாம தினமும் சொல்ற ஜனம், ஜென்மம், ஜாதி எல்லாமே அங்கேர்ந்து வந்ததுதான். ஜென்டில், ஜெனரஸ் ரெண்டும் லத்தீன் வழியா வந்த ஒண்ணுவிட்ட தம்பிங்க. ஆரம்பத்துல ரெண்டுக்கும் அர்த்தம் நல்ல குலத்துல பிறந்தவன்.

சும்மாவந்தேன்:
சுத்தம். கைண்டும் ஜாதியும் ஒரே வேரா? அப்போ 'பி கைண்ட்'னா உன் ஜாதிக்காரனைப் பார்த்துக்கோன்னு அர்த்தமா 😂

பழையபேப்பர்:
சிரிச்சாலும் பாயிண்ட் இருக்கு. ஆரம்பத்துல அந்தப் பாசம் நம்மாளுங்களுக்குத்தான், அப்புறம்தான் எல்லாருக்கும்னு விரிஞ்சுது. ஆனா வேரை வெச்சு இன்னிக்கு அர்த்தத்தைத் தீர்மானிச்சா நம்ம 'நாத்தம்' இன்னும் மணக்கணும். நம்மாளுங்க இந்த ரெண்டுக்கும் தனித்தனியா வார்த்தையே வெச்சிருக்காங்க பாருங்க. குறள்ல அன்புடைமை எட்டாவது அதிகாரம், அருளுடைமை இருபத்தஞ்சாவது. பரிமேலழகர் வித்தியாசம் சொல்றார், அன்பு தொடர்புடையவங்க மேல போறது, அருள் தொடர்பு எதுவும் பார்க்காம எல்லா உயிர் மேலயும் இயல்பா போறது. கைண்ட் அன்பாப் பொறந்து அருளா வளர்ந்துருக்கு, இது என் கணக்கு, டிக்‌ஷனரில தேடாதீங்க.

மாடிவீட்டம்மா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். தோசை ஊத்திக்கிட்டே சொந்தம், பாசம், இயற்கைன்னு பாதி கதை சொன்னேன், ஜாதி பக்கம் போகல. முழுசா கேட்டுட்டு, "நாய் நமக்கு சொந்தமில்லையே, அப்போ நாய்க்கிட்ட கைண்டா இருன்னு எப்படி சொல்லலாம்"ங்கறா. வேன் வந்துடுச்சு, தப்பிச்சேன். சாயங்காலம் நாலரைக்கு திரும்பி வருவா, யாராச்சும் இருக்கீங்களா?

மொழிப்பைத்தியம்:
இருக்கேன்க்கா. விலங்குகளைக் கொடுமைப்படுத்தாம நடத்துறதுக்கு இங்கிலீஷ்ல 'ஹியூமேன்'னு சொல்லுவாங்க, அதுவும் ஹியூமனும் ஒரு காலத்துல ஒரே வார்த்தைதான்னு சொல்லுங்க. ஆனா அதுக்கு அடுத்த கேள்வி வந்தா நான் பொறுப்பில்ல.