கலங்கல் தெளியவில்லை: கட்டுமானத் தளத்தில் இருப்போரிடம் ஒரு கேள்வி

வணக்கம். சிங்கப்பூரின் சிலேத்தார் பகுதியில் நாங்கள் கட்டிவரும் தரைவீட்டிலிருந்து வடிகாலுக்குச் செல்ல வேண்டிய மழைநீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என்ற பொதுப் பயனீட்டுக் கழக வரம்பை மூன்று வாரமாகத் தாண்டுகிறது. அதனால் நீரை வெளியேற்றாமல் தேக்கி வைத்திருக்கிறோம், மழையோ நிற்பதாக இல்லை.

மண்ணரிப்புக் கட்டுப்பாட்டு வல்லுநர் கையொப்பமிட்ட திட்டப்படியே மண்தடுப்பு வேலியும் வண்டல் தொட்டியும் அமைத்து, சரிவுகளைத் தார்ப்பாயால் மூடினோம். சுத்திகரிப்பு இயந்திரத்தில் மண்துகள்களைத் திரட்டிப் படியவைக்கும் மருந்தான பாலி அலுமினியம் குளோரைடின் அளவை இருமுறை கூட்டியும், கண்ணாடிக் குடுவையில் பிடித்த நீர் மறுநாள் காலையிலும் தே தாரே எனும் பால் தேநீர் நிறத்திலேயே நிற்கிறது. நீரின் கார அமில அளவு (pH) 5.2, மண் வெளிறிய நுண்களிமண்.

மருந்தைக் குறைத்துச் அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதா, துகள்களைத் திரட்டும் பாலிமருக்கு மாறுவதா: இதே நிலையைச் சந்தித்தவர்கள் எதை முதலில் செய்தீர்கள்?