ஊற்றுப் பீலித் தண்ணீர் கலங்கினால் உடனே எழுதுங்கள்

குழு: மேல் டிவிஷன் சொந்தங்கள்
சனிக்கிழமை

நான், காலை 7.12
நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தம்பியின் கெம்பஸிலிருந்து ஒரு மேடமும் ஐந்தாறு பிள்ளைகளும் நம் தேயிலைத் தோட்டத்து மலைக்கு வருகிறார்கள். மழையில் இந்தப் பக்கத்து மண் எப்படி அசைகிறது, கீழே ஆறு எப்படிப் பெருகுகிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன வழி என்று ஆய்வு செய்கிறார்கள். லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும், வந்து கேட்பார்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். பெரிய மாமா கட்டாயம் இருக்க வேண்டும்.

பெரிய மாமா, 7.40
எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் பிள்ளை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து வந்து லயங்களையே மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் சொன்னார்கள், 2011இலும் சொன்னார்கள். எழும்பிப் போகச் சொன்னால் எங்கே போவது? அந்தச் சனத்துக்குக் காணி இருந்ததா, வீடு இருந்ததா?

கொழும்பு சித்தப்பா, 7.51
மச்சான் சொல்வது உண்மை. ஆனாலும் எழுத்தில் ஒன்று இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் போய் நின்று பேச முடியும். மண்சரிவு அபாயம் உள்ள இந்த மலையக மாவட்டங்களில் வீடு கட்டுவதென்றாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். நம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பற்றியும் ஒருவர் ஒழுங்காக அளந்து எழுதட்டும்.

அத்தை, 8.05
2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மூன்று இரவு கோயிலில் படுத்தோம். கரண்ட் இல்லை, போனும் இல்லை. அதற்கு முன்பு வந்த ஒரு மெசேஜும் சிங்களத்தில் இருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னபிறகுதான் விளங்கியது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இன்றைக்கும் தகரத்தில் மழை விழுந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தம்பி, ஒன்று கேட்கிறேன். சில இடத்தில் மழை விட்ட பிறகுதானே மண் வந்தது, அது ஏன்?

தம்பி (கெம்பஸ்), 8.31
மழை விட்டாலும் உள்ளே போன தண்ணீர் நிற்பதில்லை அத்தை. நம் மலையில் மேலே மண், அடியில் பாறை. மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் பாறையில் முட்டி அங்கேயே தேங்கும். மண்ணின் பாரம் கூடும், அதோடு உள்ளே தேங்கிய தண்ணீர் மண்ணை நெம்பித் தள்ளும், பிடிமானம் விட்டுப்போகும். மேல் மலையில் விழுந்த மழை ஊறி ஊறிக் கீழே வந்துசேர நேரம் எடுக்கும், அதனால்தான் வெயில் வந்துவிட்டது என்று உடனே வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நாமும் சிலதைக் கெடுத்துவிட்டோம். தேயிலைக்குள் மழைத்தண்ணீர் ஓடும் கான் தூர்ந்து கிடந்தால் ஓடிப்போக வேண்டிய தண்ணீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. இடம் வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் கரையை வெட்டினால் மலைக்கு முட்டுக் கொடுத்த மண் போய்விடுகிறது.

நான், 8.36
கான் வெட்ட ஆள் போடுவதைக் குறைத்து எத்தனை வருஷம் ஆகிறது. அதையும் மேடத்திடம் சொல்லுங்கள்.

தம்பி (கெம்பஸ்), 8.50
இன்னொன்று. மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையை வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், பையைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் சிவப்பு, வெளியேற வேண்டும். ஆனால் டவுனில் பெய்கிற மழையும் நம் மலையில் பெய்கிற மழையும் ஒன்றில்லை. அதனால் நாமே அளப்போம். நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேல்பாகத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள். அடியில் வளைந்த இடத்தைக் கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோட்டிலிருந்து அடிமட்டத்தால் அளக்க வேண்டும், ஏழரை சென்டிமீட்டர் என்றால் 75 மில்லிமீட்டர். கூரைத் தண்ணீர் விழாத வெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து குழுவில் போட்டுவிட்டுத் திரும்பவும் கோடு வரை வையுங்கள். பெருமழை என்றால் மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும்.

அத்தை, 8.58
சரி, நான் வைக்கிறேன். பேத்தி எழுதிப் போடுவாள்.

பெரிய மாமா, 9.20
அந்தப் பிள்ளைகள் பீலியைப் பற்றிக் கேட்பார்களா?

தம்பி (கெம்பஸ்), 9.22
முதலில் அதைத்தான் கேட்பார்கள் மாமா. ஊற்று திடீரென்று கலங்கினாலோ வற்றிப்போனாலோ புதிதாக ஒரு இடத்தில் கசிந்தாலோ உள்ளே ஏதோ அசைகிறது என்று அர்த்தம். தரையில் வெடிப்பு, மரம் சாய்வது, கதவு இறுகுவது எல்லாம் அப்படித்தான்.

பெரிய மாமா, 9.41
அப்படியென்றால் சொல்கிறேன். என் சின்ன வயசில் இந்த மலையில் மூன்று பீலி. இப்போது நீங்கள் இரண்டுதான் பார்க்கிறீர்கள். மூன்றாவது நான்காம் லயத்துக்கு மேலே சவுக்கு மரத்தடியில் இருந்தது, எங்கள் அம்மா அங்கேதான் தண்ணீர் எடுப்பார். ரோட்டு வெட்டியபோது மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். கோடையிலும் வற்றாத பீலி அது. அந்தத் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. டித்வா நேரம் நான்காம் லயத்து இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், வெடிப்பு விட்டதே, அது அதற்கு நேர் கீழே.

தம்பி (கெம்பஸ்), 9.43
மாமா, எங்களிடம் இருக்கிற வரைபடத்தில் அந்த ஊற்று இல்லவே இல்லை. இடத்தைக் காட்ட முடியுமா?

நான், 9.45
நான்காம் லயத்தில் ஐந்து குடும்பம் இருக்கிறது. மழை பிடித்தால் இன்றிரவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் கிராம சேவகருக்கும் அந்த வெடிப்பைச் சொல்லிவிடுகிறேன், சித்தப்பா, எழுத்தில் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்.

கொழும்பு சித்தப்பா, 9.47
மத்தியானத்துக்குள் அனுப்புகிறேன். மாற்றுக் காணியையும் அதிலேயே கேட்போம்.

பெரிய மாமா, 10.02
முழங்கால் வலிதான், பரவாயில்லை, காட்டுகிறேன். அந்தப் பக்கம் மானாப்புல் இடுப்பளவுக்கு நிற்கிறது, அட்டை அதிகம். பிள்ளைகளைச் சப்பாத்துப் போட்டு வரச் சொல். அட்டைக்குப் போட உப்பு நான் கொண்டு வருகிறேன்.