தகரப் பெட்டிக்குள் ஜப்பான் காசு

புதுக்கோட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து:

எங்க ஐயா, அப்பாவைப் பெத்தவர், மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். 1946-ல் கப்பலேறி ஊர் திரும்பினப்போ கையில் ஒரு தகரப் பெட்டி, ரெண்டு கைலி, ஒரு கட்டு நோட்டு. அந்த நோட்டு செல்லாதுன்னு நாகப்பட்டினத்தில் இறங்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். ரெண்டாம் உலகப் போர்ல மலாயாவைப் பிடிச்ச ஜப்பான்காரன் அடிச்ச நோட்டு அது. அவன் தோத்த அன்னைக்கே வெறும் காகிதமாப் போச்சு. இருந்தாலும் மூணரை வருஷத்துக் கூலியைக் கடல்ல எறிய யாருக்கு மனசு வரும்?

போன வருஷம் ஓட்டு வீட்டைப் பிரிச்சப்போ பரண்ல இருந்து அந்தப் பெட்டி இறங்குச்சு. மேல ஒரு பழைய வேட்டி, அதுக்குள்ள 37 நோட்டு. அதிகமா இருந்தது பத்து டாலர்: குலை தள்ளின வாழை, கீழே பூவோட தொங்குது. இந்தப் படத்தை வச்சுத்தான் மலாயாவில் இதுக்கு வாழைமர நோட்டுன்னே பேரு. ‘ஜப்பான் அரசாங்கம் கேட்டவுடன் தரும்’னு இங்கிலீஷ்ல உறுதிமொழி வேற. வருஷம் போடலை. எங்க கிட்ட இருக்கிறதுல வரிசை எண்ணும் கிடையாது, ‘எம்’ல ஆரம்பிக்கிற எழுத்து மட்டும்தான். பர்மாவுக்கு அடிச்சதுல ‘பி’ இருக்கும். எண் இல்லாம எவ்வளவு வேணும்னாலும் அடிக்கலாம், அடிச்சாங்க. அடிக்க அடிக்க அரிசி விலை ஏறுச்சு.

ஒரே ஒரு நூறு டாலரில் ரப்பர் தோட்டமும் அதுல வேலை செய்யுற ஆட்களும். ஐயா செஞ்ச வேலையை ஐயாவுக்குக் கொடுத்த கூலியிலேயே அச்சடிச்சிருக்கான். அதைப் பார்த்துட்டு நான் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துட்டேன்.

இனிமேதான் வயிற்றெரிச்சல். “பாழாப் போயிரும்க்கா”ன்னு என் தம்பி நல்லதுன்னு நினைச்சு ஆறு நோட்டை டவுனுக்குக் கொண்டுபோய் லேமினேஷன் பண்ணிட்டு வந்துட்டான். சூட்டில் உருகின பசை காகித நாருக்குள்ள இறங்கியாச்சு. இனி பிளாஸ்டிக்கை உரிச்சா நோட்டும் கூடவே உரியும். மிச்சம் 31. ஹால்ல மாட்டி வைக்க ஆசை. எப்படி வைக்கிறதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மதுரையிலிருந்து:

அம்மா, முதல்ல ஒரு விஷயம். வாழைமர நோட்டு ஏராளமா கிடைக்குது, விலை பெருசா வராது. அதுக்காக யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டா கொடுத்துடாதீங்க. உங்க வீட்டுக் கதை அதோட சேர்ந்து இருக்கிறதுதான் மதிப்பு.

முப்பது வருஷமா சேர்க்கிறேன். நான் ஏமாந்த கதையைச் சொல்றேன். இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு 1917 நவம்பர் 30-ல் வந்தது. முதல் உலகப் போர்ல வெள்ளிக்குத் தட்டுப்பாடு, வெள்ளி ரூபாய்க்குப் பதிலா காகிதம். ஜனங்க நம்பணுமேன்னு ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிக்காசின் படத்தையே நோட்டுல அச்சடிச்சாங்க. பின்பக்கம் தமிழும் இருக்கும். 25 நோட்டு சேர்ந்த புத்தகமா வந்ததால, செக் கிழிக்கிற மாதிரி கிழிச்சுத்தான் கொடுக்கணும். 1918 ஜனவரியில் இன்னொரு விநோதம், ரெண்டு ரூபாய் எட்டணா நோட்டு. ரெண்டும் 1926-ல் நின்னு போச்சு. ஒரு ரூபாய் மட்டும் 1940-ல் மறுபடி வந்தது.

ஒரு நாணயக் கண்காட்சியில் அந்த ஒரு ரூபாயைப் பார்த்தேன். மடிப்பே இல்லை, பளிச்சுன்னு வெள்ளை. அந்த மாச வீட்டு வாடகைக்கு வச்சிருந்த பணம் போச்சு. ராத்திரி மேஜையில் படுக்க வச்சு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சேன். நடுவுல நிழல் மாதிரி ஒரு கோடு. நாலா மடிச்ச நோட்டு அது! தண்ணியில் அலசி, அயர்ன் பண்ணித் தட்டையாக்கியிருக்கான். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓரத்துல மூணு குண்டூசி ஓட்டையை மாவு மாதிரி எதையோ வச்சு அடைச்சிருக்கு. தொட்டா துணி மாதிரி தொய்யுது, காகிதத்துக்குரிய மொடமொடப்பு இல்லை. பழைய நோட்டுன்னா ஊசி ஓட்டை இருக்கிறது நம்ம நாட்டுல இயல்பு, கட்டுகளைக் குத்தித்தான் வச்சாங்க. ஓட்டையைப் பார்த்து நான் பயப்படுறதில்லை, ஓட்டை இல்லாத பழசைப் பார்த்தாத்தான் பயம்.

ஹால்ல மாட்டுறதுக்கு: அசலை மாட்டாதீங்க. வெயில் படுற சுவர்ல இருந்த என்னோட கப்பல் பத்து ரூபாய் ரெண்டே கோடையில் வெளிறிப் போச்சு. நல்ல கலர் பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் பண்ணுங்க, அசல் ஆல்பத்துல இருக்கட்டும். ஆல்பம் வாங்குறப்போ பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அது பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலியஸ்டர் உறை கேளுங்க. டேப், பசை, ரெண்டும் ஜென்ம விரோதி. பீரோவுல அந்துருண்டையை நோட்டோட ஒட்டி வைக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு மருந்து, மாசம் ஒருக்கா ஆல்பத்தை எடுத்துப் புரட்டுறதுதான்.

இன்னொண்ணு, 2016-ல் செல்லாமப் போன 500, 1000 வச்சிருக்கிறவங்க கவனிங்க. 2017-ல் வந்த சட்டப்படி மொத்தம் பத்து நோட்டு வரைக்கும்தான் வச்சுக்கலாம். ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்புன்னா 25.

சென்னையிலிருந்து:

டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்குல தர்றோம்னு எனக்கு ஒரு போன் வந்தது. அதுக்கு முன்னாடி ‘பதிவுக் கட்டணம்’ அனுப்பணுமாம், ரிசர்வ் வங்கி பேரைச் சொன்னான். அந்த நோட்டு எங்க அம்மாவோட அஞ்சறைப் பெட்டியிலேயே நாலு கிடக்கு. தங்கள் பேரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவங்களை நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிவிச்சது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட அப்பம்மான்ர சீலைப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்தது ஒரு சின்னத் துண்டு. 1942 இலங்கை அஞ்சு சத நோட்டு. யுத்த காலம், சில்லறைக் காசடிக்க உலோகத் தட்டுப்பாடு. இந்த நோட்டுக்கு நடுவில முத்திரைத் தாள் மாதிரித் துளை போட்டிருக்கு. கிழிச்சா ஒரு பாதி ரெண்டு சதம், மற்றப் பாதி மூண்டு சதம். எங்களிட்ட இருக்கிறது மூண்டு சதப் பாதி மட்டும்தான். மற்றப் பாதிக்கு அப்பம்மா என்ன வாங்கினவவோ! முழு நோட்டு வாங்கித் தாறன் எண்டு ஒரு சேகரிப்பாளர் சொன்னவர். நான் வேண்டாம் எண்டிட்டன்.

மீண்டும் புதுக்கோட்டை:

மதுரை சார், நீங்க சொன்ன மாதிரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு பத்து டாலரோட ஓரத்தில் பென்சில் எழுத்து. பூதக்கண்ணாடி வச்சுத்தான் படிக்க முடிஞ்சது: ‘கடை பாக்கி 40’. ஐயா கையெழுத்தேதான், ‘க’வுக்கு அதே நீட்டு வால். ரப்பர் வச்சு லேசா அழிச்சா தரம் கூடும்னு ஒருத்தர் தனியா எழுதியிருந்தார். அதைத் தொட மாட்டேன்.

எண்பது தாண்டின எங்க அத்தைகிட்ட பெட்டியைக் காட்டினேன். “இதுல எவ்வளவோ இருந்துச்சுடி, நாங்க கடை வச்சு விளையாடியே தீர்த்துட்டோம்”னு சிரிக்குது. எண்ணிப் பார்த்துட்டு அத்தை கேட்டது ஒண்ணே ஒண்ணு: “மாட்டுவண்டி போட்ட ஆயிரம் எங்கே? புளியங்கொட்டை வாங்க அதைத்தான் கொடுப்பேன்.”

பெட்டியை மறுபடி தலைகீழாக் கவுத்துப் பார்த்தாச்சு. அது மட்டும் இல்லை.